டீக்கு முன்னால் ஒரு தப்பு

போன வாரம் டாக்டர் கார்த்திக் போன் செய்தார். புதூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த கால்நடை மருந்தகத்தில் இப்போது இருப்பவர் அவர்தான். எங்கள் வட்டாரக் கால்நடை மருத்துவர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். கெட்டிக்காரப் பிள்ளை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எதையும் சுற்றி வளைக்காமல் கேட்கத் தெரியாது.

என் முட்டுவலி, கோவில்பட்டி வெயில், வீட்டுக்காரரின் சர்க்கரை எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். மாதாமாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நடக்கிற சங்கக் கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஆட்டைப் படமெடுத்துப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் மருந்து சொல்லிவிடுகிறார்கள். இதற்காக விளாத்திகுளத்திலிருந்தும் சாத்தூரிலிருந்தும் லீவு நாளில் பஸ் ஏறி வர வேண்டுமா என்பது கேள்வி. வருகிற ஞாயிறு முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்குள் ஓய்வு பெற்ற உறுப்பினர்கள், சங்கத்தால் என்ன பயன் கண்டோம் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

"ஒரு பக்கத்துல அடங்காதே தம்பி" என்றேன்.

"அடங்குன வரைக்கும் எழுதுங்க மேடம்."

நான் அடங்குகிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டார். பட்டுக்கொள்ளட்டும்.

படித்த கதையை நீட்டப் போவதில்லை. எங்கள் வகுப்பில் பெண்கள் நாலே பேர். பொம்பளைப் பிள்ளை மாட்டுக்கு ஊசி போடப் போகுதாம் என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டு மாட்டுக்கும் பின்னால் நான்தான் ஊசி போட்டேன். நாலைந்து ஊர் மாற்றலுக்குப் பிறகு புதூர்ப் பக்கம் ஒரு மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தேன். ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி, சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எடுக்காமல் நடந்தால் மண் செருப்பை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் மண்ணைவிடப் பெரிய கஷ்டம் தனிமை. கிராமத்தில் தனியாக இருக்கிற மருத்துவருக்குக் கேட்க ஆள் கிடையாது. ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் ஆட்டுக்காரர் அடுத்த ஆட்டையும் புதைத்திருப்பார். கையில் இருப்பது கல்லூரியில் வாங்கிய புத்தகம். அதில் எழுதியிருக்கிற ஆடுகளெல்லாம் சீமை ஆடுகள். நம் கொடியாடு எதைத் தின்னும், எதைத் தின்றுவிட்டு எப்படி விழும் என்று அதில் ஒரு வரி இருக்காது. நாமாக ஒன்றை நினைத்து, நாமாக மருந்து போட்டு, பிழைத்தால் நம் கைராசி, செத்தால் ஆட்டின் விதி என்று போய்க்கொண்டே இருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் ஆபத்து.

சங்கம் என்றால் கொடி, மாலை, ஊர்வலம் என்று நினைத்துவிடாதீர்கள். கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு அச்சகத்தின் மாடி அறை. பன்னிரண்டு மடக்கு நாற்காலி. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசை நடுங்கும். எங்கள் தலைவர் தர்மராஜ் சார். அவர்தான் அலுவலகத்தில் எங்களுக்கு உதவி இயக்குநர், அதாவது மேலதிகாரி. சங்கத்துக்கும் அவரே தலைவர் என்றதும் முதலில் நான் பயந்தேன். வாரம் ஆறு நாள் இவரிடம் பேச்சு வாங்குவது போதாதா, ஏழாவது நாளும் பஸ் ஏறிப் போய் வாங்க வேண்டுமா என்று வீட்டில் புலம்பினேன்.

அலுவலகத்தில் அவர் சிவப்பு மை. நம் அறிக்கையின் ஓரத்தில், "எப்படித் தெரியும்?" என்று இரண்டே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவார். குரலை உயர்த்த மாட்டார். திட்டினால்கூட ஆறிவிடும். அந்த இரண்டு வார்த்தை ஒரு வாரத்துக்குக் குடையும்.

ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் வேட்டி கட்டிக்கொண்டு வருவார். நாற்காலிகளை அவரே விரித்துப் போடுவார். டீக்கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வாங்கி வந்து மேசை நடுவில் வைப்பார். பக்கத்தில் கடலை மிட்டாய்ப் பொட்டலம். கடம்பூர் உறுப்பினர் வந்தால் போளியும் இருக்கும். ஆனால் எவரும் தொடக் கூடாது. யாராவது ஒருவர் எழுந்து, அந்த மாதம் தான் செய்த தப்பு ஒன்றைச் சொன்ன பிறகுதான் தூக்கின் மூடி திறக்கும். இது சங்கத்தின் சட்டம். எழுதப்படாத சட்டம், ஆனால் எழுதினதைவிட ஒழுங்காக நடந்தது.

சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. தர்மராஜ் சார் மூன்று கேள்வி கேட்பார். என்ன பாத்தீங்க? என்ன நெனச்சீங்க? என்ன செஞ்சீங்க? இந்த வரிசையில்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கிறவரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. முடித்த பிறகும், இப்படிச் செய்திருக்கலாமே என்று எவரும் உபதேசிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, அதே தப்பை அல்லது அதற்குப் பங்காளியான தப்பை நீங்களும் செய்திருந்தால் பேசாமல் கையைத் தூக்க வேண்டும். தூக்கினவர் அடுத்த கூட்டத்தில் எழுந்து தன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னதெல்லாம் ஒரு நோட்டில் ஏறும். பெயர் ஏறாது. "ஒரு உறுப்பினர்" என்றுதான் எழுதுவோம்.

ஒரு மாதம் எவருமே எழவில்லை. எல்லோரும் உத்தமர்களாகிவிட்டோம். தர்மராஜ் சார் தூக்கைத் தொட்டுப் பார்த்தார். "டீ ஆறுது. இந்த மாசம் யாரும் வேலையே பாக்கலையோ?" என்றார். உடனே மூன்று பேர் எழுந்தோம்.

நான் முதன்முதலில் சொன்ன தப்பு ஒரு எருமையைப் பற்றியது. அது சினை என்று அடித்துச் சொல்லிவிட்டேன். எருமைக்காரர் சந்தோஷத்தில் தெருவுக்கே மிட்டாய் கொடுத்துவிட்டார். மாதங்கள் போயின. எருமை கொழுத்ததே தவிர கன்று வரவில்லை. பிறகு என்னை எங்கே பார்த்தாலும் அந்த மனிதர், "டாக்டரம்மா, எங்க எருமைக்கு வளைகாப்பு எப்ப வைப்போம்?" என்று கேட்பார். இதைச் சொன்னபோது அறையில் ஏழு கைகள் உயர்ந்தன. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கீழே அச்சகக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு மேலே எட்டிப் பார்த்தார். தப்புச் சொல்வது இவ்வளவு சுகமா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். சின்னத் தப்பு சொல்ல எப்போதும் சுகம்தான்.

பெரிய தப்பு ஓர் ஐப்பசிச் சனிக்கிழமை வந்தது.

மாடசாமி என்று ஒரு ஆட்டுக்காரர். நாற்பது உருப்படி வைத்திருந்தார். அதுதான் அவருக்கு நிலம், வீடு, எல்லாம். அவர் மனைவி பேச்சி பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மூன்று நாள் மழை பெய்து வெறித்திருந்த காலை. மாடசாமி மூச்சிரைக்க மருந்தகத்துக்கு ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, ஆடு ஒண்ணொண்ணா விழுது. ரெண்டு போயிட்டு. சீக்கிரம் வாங்கம்மா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் அறுத்த சோளக்காடு. மழைக்குக் கட்டையெல்லாம் துளிர்விட்டு இளங்குருத்து பச்சைப்பசேல் என்று நின்றது. கரிசல் காட்டில் வேலை பார்க்கிற மாட்டு டாக்டர் எவரையும் கேளுங்கள். மழைக்குப் பின் சோளக்குருத்து, ஆடு பொத்தென்று விழுகிறது என்றால் சயனைடு விஷம் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். நானும் சொன்னேன். ஆட்டைப் பார்ப்பதற்கு முன்பே, வழியிலேயே சொல்லிவிட்டேன்.

"சோளக்குருத்துல மேய விட்டீரா?"

"இல்லம்மா. அந்தப் பக்கமே போகலை."

நான் நம்பவில்லை. காட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று எல்லா ஆட்டுக்காரரும் சொல்கிற பதில் அது. அவர் சத்தியமே செய்தார். நான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன்.

சயனைடுக்கு இரண்டு மருந்து. ஒன்று நைட்ரைட், இன்னொன்று ஹைப்போ. இரண்டையும் கழுத்து நரம்பில் ஏற்ற வேண்டும், தாமதிக்கக் கூடாது. ஏழு ஆடு கிடந்தது. ஐந்துக்குப் போட்டேன். அதோடு மருந்து தீர்ந்துவிட்டது. மீதி இரண்டையும் நிழலில் படுக்க வைக்கச் சொன்னேன், மனசுக்குள் கை கழுவிவிட்டேன்.

மருந்து ஏறின ஐந்தும் கொஞ்ச நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, என் கண் முன்னால் செத்தன. மருந்து கிடைக்காத இரண்டும் மத்தியானம் எழுந்து நின்று தண்ணீர் குடித்தன.

மாடசாமி என்னை ஒன்றும் சொல்லவில்லை. "நீங்களும் எம்புட்டோ பாத்தீங்க" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். திட்டியிருக்கலாம்.

மறுநாள் இரண்டாவது ஞாயிறு. போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். அல்லது போய், ஏதாவது சின்னத் தப்பாகச் சொல்லி டீ குடித்துவிட்டு வரலாம். பதிவேட்டில் தேதி மாற்றி எழுதினேன் என்று ஒன்றைத் தயார் செய்தும் வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். பஸ்ஸில் உட்கார்ந்து சோறு போதுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு போனேன்.

தர்மராஜ் சார் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். எல்லோரும் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். தேதித் தப்பைத்தான் சொல்ல எழுந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் ஆடு வந்துவிட்டது.

"என்ன பாத்தீங்க?"

"சோளக்கட்டை துளிர்விட்டிருந்தது சார்."

"அது காடு. ஆட்டுல என்ன பாத்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஆனால் கேள்வி நியாயம். யோசித்துச் சொன்னேன். மூச்சுத் திணறல். நடுக்கம். ஈறு கறுத்திருந்தது. சாகப்போகிற ஆட்டுக்கு ஈறு கறுக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். ரத்தம் கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. அது நைட்ரைட் மருந்து செய்கிற வேலை, அந்த மருந்து உள்ளே போனால் ரத்தம் அந்த நிறத்துக்குத் திரும்பும் என்று நினைத்தேன்.

அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. "அம்மா, அந்த ரத்தத்தை எப்ப பாத்தீங்க? மருந்து உள்ள போகுமுன்னயா, போன பின்னயா?"

நரம்பில் ஊசி நுழைந்ததா என்று தெரிந்துகொள்ள, மருந்தைத் தள்ளும் முன் சிரிஞ்சைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்ப்போம். ரத்தம் வந்தால் சரியான இடம். முதல் ஆட்டுக்கு அப்படி இழுத்தேன். ரத்தம் வந்தது. கண்ணை மூடினால் அந்தச் சிரிஞ்சு அப்படியே தெரிகிறது. பாகு நிறம். ஒரு துளி மருந்துகூட அப்போது உள்ளே போகவில்லை.

"முன்ன" என்றேன்.

சயனைடு என்றால் ரத்தம் செக்கச்செவேல் என்று இருக்கும். ஏற்கெனவே பழுப்பாக இருந்தது என்றால் விஷமே வேறு. அந்த விஷம் ரத்தத்தைப் பிராணவாயு சுமக்க விடாது, நைட்ரைட்டும் அதையேதான் செய்யும். ஏற்கெனவே மூச்சு முட்டிக்கிடந்த ஆட்டின் கழுத்தை நான் போய் இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கிறேன். ஐந்து ஆட்டுக்கும் வரிசையாக, அக்கறையாக, கை சுத்தமாக.

சாத்தூர் டாக்டர் பால்ராஜ் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொரு கை. எனக்கு வந்த அழுகையில் அது யார் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. தர்மராஜ் சார் தூக்கின் மூடியைத் திறந்து முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார்.

பால்ராஜ் பொதுவாகவே பொறுமை இல்லாத ஆள். "சார், என் கதையை அடுத்த மாசம் சொல்லுதேன். ஆனா ஒண்ணை இப்பவே சொல்லணும், இல்லன்னா மிச்ச ஆடும் போயிரும்" என்றார். அவர் ஊரில் ஒரு பசு இதே மாதிரி பழுப்பு ரத்தத்தோடு செத்ததாம். அவரும் மருந்தின் நிறம் என்றே நினைத்தாராம். தீக்குச்சி மருந்தில் கலக்கிற குளோரேட் உப்பைப் பசு நக்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. "ஆடு மாட்டுக்கு அது வெறும் உப்புதான். கிடைச்சா விடாது." அதற்கு மாற்று நீல மருந்து, மெத்திலீன் புளூ. அந்தப் பசுவுக்குப் பிறகு அவர் அது இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. அன்றும் பையில் இருந்தது.

கூட்டம் அதோடு கலைந்தது. பால்ராஜும் நானும் பஸ் பிடித்துப் புதூர்ப் பக்கம் போனோம். போளியைக் காகிதத்தில் கட்டி என் கையில் திணித்துவிட்டார்கள். அழுதுகொண்டே போளி தின்ற பெண் அந்தப் பஸ்ஸில் நான் ஒருத்திதான்.

போனால் இன்னும் நாலு ஆடு விழுந்து கிடந்தது. மாடசாமி ஆட்டுக் கிடைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பேச்சி ஓர் ஆட்டின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"தீப்பெட்டி ஆபீஸ் மருந்து ஏதும் இங்கன வந்துச்சா?" என்று பால்ராஜ் கேட்டார்.

"இல்லய்யா" என்றார் மாடசாமி.

"கொட்டுனது, கழுவுன தண்ணி, ஏதாவது?"

"இல்லய்யா. அதெல்லாம் இங்கன ஏது?"

பேச்சி தலையைக் குனிந்துகொண்டார். சரி, வேறு எங்கேயோ நக்கியிருக்கும், தேடுவோம் என்று பால்ராஜ் நீல மருந்தை எடுத்தார். அந்த மருந்து விழுந்து கிடக்கிற நாலுக்குத்தான் வரும். விஷம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் மீதி இருக்கிற ஆடெல்லாம் நாளைக்கோ மறுநாளோ விழும். அவருடைய மொத்தப் பிழைப்பும் அந்தக் கிடைக்குள் நின்றுகொண்டிருந்தது.

மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வந்த வாய் அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை. நான் மாடசாமிக்கு எதிரில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"மாடசாமி, நேத்து நீரு சோளக்காட்டுப் பக்கம் போகலைன்னு சொன்னீரு. நான் நம்பலை. நான் போட்ட ஊசி தப்பான ஊசி. அதைப் போடாம இருந்தா அந்த அஞ்சுல சிலது பொழைச்சிருக்கும். மருந்து தீர்ந்துபோன ரெண்டு பொழைச்சுச்சு, பாத்தீருல்லா? தப்பு என்னுதுதான்."

பால்ராஜ் போதும் என்பதுபோல் என் தோளைத் தட்டினார். மாடிக்குள் சொல்வதை வெளியிலும் சொல்லித் தொலைப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சுற்றி நின்ற பத்துப் பேரும் மாடசாமி என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தார்கள். அவர் கம்பு பக்கத்தில்தான் கிடந்தது. எனக்கும் அது தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு பேச்சியைப் பார்த்தார். பேச்சி, "சொல்லிரும்" என்றார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லணும் டாக்டரம்மா" என்று எழுந்து, ஆடுகளுக்குக் கீழே கிடந்த வைக்கோலைக் காலால் தள்ளினார். அடியில் சாக்கு. வரிசையாக, பாய் விரித்த மாதிரி. மூன்று நாள் மழையில் கிடை சேறாகிவிட்டது. கரிசல் சேற்றில் ஆடு படுத்தால் குளம்பு அழுகும். ஆபீஸில் மூலையில் கிடந்த காலிச் சாக்குகளைப் பேச்சி எடுத்து வந்திருந்தார், யாரிடமும் கேட்காமல். "இவளுக்கு வேலை போயிரும்னு சொல்லலைம்மா. உப்புச் சாக்குன்னு நெனச்சோம். ஆடு ஆசையா நக்குச்சு. பாத்துச் சந்தோசப்பட்டேன்."

பேச்சிதான் முதலில் குனிந்து சாக்கை உருவினார். ஐந்து நிமிடத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. நாங்கள் நாலு ஆட்டுக்கும் நீல மருந்தை ஏற்றினோம். ஒன்று தாங்கவில்லை. மூன்று பொழுது சாயும் முன் தலையைத் தூக்கின. அதில் ஒரு கிடா எழுந்து நின்றதும் நீலமும் பச்சையுமாக மூத்திரம் பெய்தது. மருந்தின் குணம் அது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூட்டம் நாலடி பின்வாங்கிவிட்டது. "ஏலே, கிடா சாயப்பட்டறை வச்சிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு நாளாக இறுகியிருந்த மாடசாமி முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. எனக்கும்தான்.

மீதி ஆடுகளில் ஒன்றுகூட விழவில்லை.

ஆனால் பேச்சியின் வேலை என்ன ஆகும் என்ற கவலை எனக்கு இருந்தது. மற்ற ஊர்களிலும் இப்படிச் சாக்கு போகும், அதைத் தடுக்க வேண்டும். தடுக்கப் போனால் யார் எடுத்தது என்று கேள்வி வரும். நான் ஒருத்தி போய்ச் சொன்னால் எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் தர்மராஜ் சார் அதற்கும் வழி வைத்திருந்தார். சங்கத்தின் பெயரில் ஒரு துண்டறிக்கை. காலிச் சாக்கு எதுவும் ஆடு மாடு இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது, போனால் என்ன ஆகும், ரத்தம் என்ன நிறமாகும் என்று பத்து வரி. கீழே அச்சகத்திலேயே அடித்து, சுற்று வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ் எல்லாவற்றுக்கும் மருந்தகம் எல்லாவற்றுக்கும் ஒன்று போல் அனுப்பினோம். "ஒரு உறுப்பினரின் அனுபவம்" என்று மட்டும் போட்டிருந்தது. எந்த ஊர் என்று எவரும் கேட்கவில்லை. பேச்சி அதே ஆபீஸில் வேலையைத் தொடர்ந்தார். அந்த அறிக்கையைத் தன் கையாலேயே சுவரில் ஒட்டினதாகப் பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கார்த்திக் தம்பி, உங்கள் குரூப்பை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நல்ல குரூப். பிழைத்த ஆடு படம் வருகிறது, இரட்டைக் கன்று படம் வருகிறது, காலை வணக்கம் பூப்படத்தோடு வருகிறது. செத்த ஆட்டின் படத்தை, நான்தான் கொன்றேன் என்று எழுதி எவரும் போட்டு நான் பார்க்கவில்லை. போட மாட்டார்கள். போட்டால் அடுத்த நிமிடம் அது எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? நானாக இருந்தாலும் போட மாட்டேன். போட்டிருந்தாலும், ரத்தத்தை முன்னால் பார்த்தாயா பின்னால் பார்த்தாயா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? தம்ஸ் அப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். என் பணி நிறைவு விழா உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. மேடையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து, அன்னபூரணி என்றும் வாயில்லா ஜீவன்களின் தாய் என்றும் என்னைப் பற்றிப் புளுகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எருமையின் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் பொதுமக்கள் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று மாடசாமியை ஏற்றிவிட்டார்கள். தலை நரைத்துப்போயிருந்தது, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் கும்பிடு. இவிய என் அஞ்சு ஆட்டைக் கொன்ன டாக்டரம்மா" என்றார்.

மேடையில் ஓர் அதிகாரி மைக்கைப் பிடுங்க எழுந்தேவிட்டார். மாடசாமி விடவில்லை. "மறுநா என் கிடைக்கே வந்து, நான்தான் கொன்னேன்னு சொன்னாவ. அதைக் கேட்டுத்தான் நான் மறைச்சதைச் சொன்னேன். மிச்ச ஆடு பொழைச்சுச்சு. இன்னைக்கு என்கிட்ட அறுபது உருப்படி நிக்கி. எம்புட்டோ டாக்டரைப் பாத்திருக்கேன். இவிய ஒருத்தருதான் தப்புப் பண்ணுன டாக்டரு."

கூட்டத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று எவருக்கும் தெரியவில்லை. அப்போது கடைசி வரிசையில், ரிட்டயராகிப் பல வருடம் ஆகிவிட்ட தர்மராஜ் சார் மெதுவாகக் கையைத் தூக்கினார். பக்கத்தில் பால்ராஜ் தூக்கினார். பிறகு கடம்பூர், விளாத்திகுளம் என்று அந்த வரிசை முழுக்க, எங்கள் சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக, ஒரு வார்த்தை பேசாமல். மேடையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து மைக்கைக் கீழே கொடுத்து அனுப்பினார்கள். எனக்குப் புரிந்தது. அத்தனை பேர் முன்னிலையில் தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுதாலும் அன்றைக்கு என் கண் நன்றாகத்தான் தெரிந்தது தம்பி. அந்த வரிசையின் ஓரத்தில் புதிதாய்ச் சேர்ந்த ஒரு பையனும் கையைத் தூக்கினான். எல்லாரும் தூக்குகிறார்களே என்று தூக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். கண்ணில் நீர் நிறைந்து நின்றது.

தூக்கினவர் அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எல்லோரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிற செயலாளர் நீங்கள், ஆனால் இரண்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கும் உங்களுக்கு ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஒரு வண்டி பஞ்சர். கூட்டமே இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று உங்களுக்குத் தோன்றுவதும் எனக்குப் புரிகிறது. நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். வருகிற ஞாயிறு முட்டுவலியோடு மாடிப்படி ஏறி நானும் வருகிறேன். முடிவெல்லாம் டீக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.